இருமல் இருக்கும் பக்கம்

வளைந்த இசைத்தட்டுகளைத்தான் வாங்குகிறேன்.
நேரானவை என் சம்பளத்துக்கு எட்டாது.
ஷார்ஜாவில் பழைய சாமான் விற்கும் தாத் கரீம்
யாருடைய காரிலோ கிடந்து வெந்தவற்றை
வாழைப்பழ அட்டைப்பெட்டியில் தனியே போட்டிருப்பான்.
எதை எடுத்தாலும் ஐந்து திர்ஹம்.
ஜாஸ் என்றால் அவனுக்கு
அட்டையில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஆள்.
எனக்கும் முதலில் அவ்வளவுதான்.

என் தொழில் கண்ணாடி.
கோபுரங்களுக்குப் போர்த்துகிற கண்ணாடி.
மூலை போனதென்று ஃபோர்மேன் ஒதுக்கியதில்
பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு துண்டு,
நாலு மாடி, தோளில் ஏற்றினேன்.
தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாக்களுக்கும் நடுவில்
தட்டை வைத்து, மேலே ஒன்றால் மூடி
ஆகஸ்ட் மாதத்திடம் ஒப்படைப்பேன்.
இருபது நிமிடம்.
அதற்குமேல் விட்டால்
கோடுகள் எல்லாம் சமாதானமாகிவிடும்,
பிறகு கேட்க ஒன்றும் இருக்காது.

பாப்படா, என்று கேட்டான் வாட்ச்மேன் குல் சமான்.
ஆமாம் என்றேன்.

அப்படி நிமிர்த்தியதில்
பெயர் உரிந்துபோன ஒன்று.
பியானோ, பாஸ்,
டிரம்ஸைத் துடைப்பத்தால் கூட்டுகிற ஒருவர்.
ஏதோ ஊர், ஏதோ இரவு விடுதி.
எத்தனை வெயில் காட்டியும் ஓரத்து வளைவு போகவில்லை,
ஊசி ஏறி இறங்கும்போது
பியானோ படகில் வைத்ததுபோல் ஆடும்.
யாரோ மேசையில் கோப்பையை வைக்கிறார்கள்.
அடி கனத்த கண்ணாடி,
எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாது.
அந்த ஒன்றில் மட்டும்
நான் சொல்வதை நம்பலாம்.

ஆறு கட்டில் அறை.
எந்நேரமும் யாராவது ஒருவருக்கு ராத்திரி.
ஸ்பீக்கரை அணைத்துவிட்டால்
ஊசியே வாசிக்கும், தெரியுமா,
எறும்பு அளவுக்கு.
காதைத் தட்டோடு சாய்த்துக் கேட்பேன்.

இரண்டாம் பக்கத்தில்
பியானோ நிறுத்தி, பாஸ் தொடங்குமுன்
ஒரு மூச்சு இடைவெளி.
அதில், அந்த விடுதியில், எவனோ இருமுகிறான்.
ஒருநாள் சரியாக அதே இடத்தில்
மேல்கட்டிலில் தூங்கும் கஸ்பாரும் இருமினான்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.
மார்பிள் பட்டறையில் ஒன்பது வருடம்,
இருமலுக்குப் பஞ்சமில்லை அவனிடம்.
நாலு தடவைக்கு ஒருமுறை பொருந்தும்,
மற்ற நாளில் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே.
அதற்கும் இடம் கொடுக்கிற இசைதான் இது.

விசா புதுப்பிக்க மெடிக்கல் போனான்.
நெஞ்சுப் படத்தில் நிழல்.
தாளில் ஒரே ஒரு வார்த்தை.
முப்பது கிலோவைக் கட்டி, அவிழ்த்து,
பால்பவுடர் டின்னை வெளியே எடுத்து,
மறுபடி கட்டினான்.
டாக்சி வரும்வரை என் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.
'உன் பெட்டியில ஒருத்தன் இருமுறானே, யாருப்பா?'
'உனக்குக் கேட்டுச்சா?'
'ரெண்டு வருஷமா கேக்குறேன்.
சளி இல்ல அது, வறட்டு இருமல்.
அவனப் போய் யாராவது
டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லியிருக்கணும்.'

தூத்துக்குடி போய்ச் சேர்ந்ததும்
ஒரு செய்தி அனுப்பினான்: இங்க நல்ல மழை.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு நானும் கேட்கவில்லை.

அந்த மேல்கட்டிலில் இப்போது சிக்கந்தர்,
மொபைல் கடை, இருபத்திரண்டு வயது.
நேற்று இரவு இரண்டாம் பக்கத்தைப் போட்டேன்.
பியானோ நின்றது.
ஏசியும் அதே கணத்தில் மூச்சு வாங்க நின்றது.
அறை முழுக்க
அத்தனை சின்ன இருமல்.

'அண்ணே, தண்ணி வேணுமா?'

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பாஸ் தொடங்கிவிட்டது.